ரங்கூனில் இருந்தபடியே கான்செப்ட் ஆர்ட் கற்றுக்கொள்ள

வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து, காளி கோவில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதுதான் பெரும்பாலும் இந்தக் கேள்வி வரும். "ஏம்மா, எங்கள் பையன் நோட்டுப் புத்தகம் முழுக்கப் படமாக வரைந்து வைத்திருக்கிறான். நீ பார்க்கும் அந்த வேலைக்கு அவனை எங்கே சேர்த்துவிடுவது?"

என் பதில் யாருக்கும் பிடிப்பதில்லை. சேர்த்துவிட இடம் இல்லை. யாங்கோன் என்று இப்போது அழைக்கப்படும் ரங்கூனிலும் மண்டலேயிலும் தேசியக் கலை, பண்பாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஓவியமும் சிற்பமும் சொல்லித் தருகிறார்கள். இடம் கிடைத்தால் சேரட்டும், கை திருந்தும். ஆனால் விளையாட்டுகளுக்கும் படங்களுக்கும் வரைகிற இந்த ஒரு தொழிலுக்கென்று முழுதாகச் சொல்லித்தரும் பள்ளியை நான் இங்கே பார்த்ததில்லை. கணினி நிலையம் ஒன்றில் ஆறு மாதப் பணம் கட்டி நானே ஏமாந்திருக்கிறேன். பெயர் வேண்டாம். எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன வரும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். என்ன வரைவது, ஏன் அப்படி வரைவது என்பதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அந்த "ஏன்" தான் தொழிலே. ஒரு விளையாட்டு உருவாவதற்கு முன் அதில் வரும் ஊர், வண்டி, உடை, மிருகம் எல்லாம் எப்படி இருக்கும் என்று வரைந்து காட்டுபவர் கான்செப்ட் ஆர்டிஸ்ட். அவர் படத்தைப் பார்த்து இன்னொருவர் முப்பரிமாண உருவம் செய்வார். ஆகவே படம் அழகாக இருந்தால் மட்டும் போதாது. இந்தக் கதவு ஏன் இந்தப் பக்கம் திறக்கிறது என்று அவர் கேட்டால் நம்மிடம் பதில் இருக்க வேண்டும்.

கதவு என்றதும் எங்கள் ஊர் பஸ் நினைவுக்கு வருகிறது. பர்மாவில் முன்பு வண்டிகள் இடப்பக்கம் ஓடின. 1970-இல் வலப்பக்கத்துக்கு மாற்றினார்கள். ஆனால் பிற்காலத்திலும் ஜப்பானிலிருந்து வந்த பழைய பஸ்களுக்கு ஸ்டியரிங் வலப்பக்கம், வாசல் இடப்பக்கம். இறங்கினால் நடைபாதையில் அல்ல, நடு ரோட்டில் நிற்போம். நான் பள்ளிக்கூடம் போனதே அப்படிப்பட்ட பஸ்ஸில்தான். நடத்துநர் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையை நீட்டிப் பின்னால் வரும் காரை நிறுத்துவார். அந்த வாசலைச் சரியாக வரைந்தாலே ஒரு நாட்டின் வரலாறு படத்துக்குள் வந்துவிடும். வெளிநாட்டுப் படத்தைப் பார்த்து நூறு டிராகன் வரைந்தாலும் அது வராது.

கையிலிருந்து தொடங்குவோம். முதல் ஆறு மாதம் கணினி வேண்டாம். பேனாவும் தாளும் போதும். டிரா-எ-பாக்ஸ் (Drawabox) என்ற இணையதளத்தில் பாடங்கள் இலவசம். நேர்கோடு, நீள்வட்டம், பெட்டி என்று ஆரம்பிக்கும்; நடுவில் 250 பெட்டிகள் வரையச் சொல்லும். சலிப்பாக இருக்கும், வரையுங்கள். பெட்டியைத் திருப்பித் திருப்பி வரையத் தெரியாதவருக்கு வண்டியும் வராது, வீடும் வராது. அங்கே ஒரு விதி உண்டு: வரையும் நேரத்தில் பாதியைப் பாடத்துக்குக் கொடுத்தால் மறுபாதியை ஆசைக்கு வரையக் கொடுக்க வேண்டும். இந்த விதியை நான் மதிக்கவில்லை. நான்கு மாதம் வெறும் பெட்டியாக வரைந்து, பேனாவைப் பார்த்தாலே எரிச்சல் வரும் நிலைக்குப் போனேன்.

மனித உருவம் எனக்குக் கோவிலில்தான் பிடிபட்டது. திருப்பணிக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த ஸ்தபதி, சுதை வைக்கும் முன் பலகையில் கரித்துண்டால் கோடு போடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நெற்றி மயிர்க்கோட்டிலிருந்து தாடை வரை ஒரு தாலம். ஒரு தாலத்துக்குப் பன்னிரண்டு அங்குலம். இந்த அங்குலம் கடை அளவுகோலின் அங்குலம் அல்ல, அந்தச் சிலைக்கே உரிய அளவு. நவதாலம் என்றால் மொத்தம் 108 அங்குலம். பெரிய தெய்வங்களுக்குரிய உத்தம தசதாலம் 124. பிள்ளையாருக்கு ஐந்தே தாலம். "அதனால்தான் அவரைப் பார்த்தால் தூக்கிக் கொஞ்சத் தோன்றுகிறது" என்றார் ஸ்தபதி.

அன்றிரவு வீட்டுக்கு வந்து விளையாட்டுப் பாத்திரங்களின் படங்களை எடுத்து அளந்து பார்த்தேன். வீரன் எட்டுத் தலை, ஒன்பது தலை உயரம். குழந்தை முகத்துச் சின்னப் பாத்திரங்கள் மூன்று, நான்கு. ஓவியப் பள்ளிகளில் சாதாரண மனிதனுக்கு ஏழரைத் தலை என்பார்கள். தாலம் என்பது முகம், உச்சந்தலை அதில் சேராது. இரண்டு கணக்கையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. ஆனாலும் எண்ணிக்கையை மாற்றினால் ஆளின் குணமே மாறும் என்பது இரண்டிலும் ஒன்றுதான். உங்கள் ஊர்க் கோவிலில் திருப்பணி நடந்தால் ஒரு வாரம் போய் உட்காருங்கள். ஸ்தபதிகள் விரட்டமாட்டார்கள், தேநீர் வாங்கிக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

ஒளியும் நிழலும் கற்க, கரண்ட் போகிற இரவைவிட நல்ல வகுப்பு இல்லை. கேலியாகச் சொல்லவில்லை. ஒரே ஒரு மெழுகுவத்தி, ஒரு பித்தளைச் சொம்பு, பழுப்புக் காகிதம், கறுப்பு, வெள்ளைப் பென்சில்கள் இரண்டு. சொம்பில் முதலில் கண்ணில் படுவது சுடரின் மினுக்கம். அதைக் கடைசியில் வரையுங்கள். ஒளி வளைந்து முடியும் இடத்தில் ஒரு கரும்பட்டை இருக்கும், சொம்பிலேயே மிக இருண்ட இடம் அது. விளிம்பு இன்னும் இருட்டாக இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை. விளிம்பருகே மேசையிலிருந்து பட்டுத் திரும்பும் வெளிச்சம் லேசாகச் செம்மஞ்சளாக ஏறி நிற்கும். அந்தப் பட்டையும் இந்தத் திரும்பு வெளிச்சமும் பிடிபட்டால் சொம்பு தாளிலிருந்து உருண்டு வெளியே வரும். அடுத்த நாள் சொம்புக்குப் பதில் மண்சட்டி வையுங்கள். மினுக்கம் காணாமல் போகும். பித்தளைக்கும் மண்ணுக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்த்துப் படிப்பது இப்படித்தான்.

கணினிக்கு வருவோம். புதிது வேண்டாம். திரையுள்ள விலையுயர்ந்த பலகையும் வேண்டாம். கணினியோடு இணைத்துப் பேனாவால் வரையும், திரையில்லாத சாதாரண பென் டேப்லெட் போதும். கை ஓரிடம், கண் ஓரிடம் என்பது பழக மூன்று வாரம் ஆகும். வரைவதற்குக் கிரிட்டா, முப்பரிமாணத்துக்கு பிளெண்டர். இரண்டும் இலவசம், ஒருமுறை இறக்கிவிட்டால் இணையம் இல்லாமலே ஓடும். நமக்கு அதுதான் முக்கியம். கிரிட்டாவில் தானாகச் சேமிக்கும் இடைவெளியை இரண்டு நிமிடமாக வைத்துவிடுங்கள். நான் அதைக் கற்றது, நான்கு மணி நேர வேலை ஒரு நொடியில் இருட்டோடு போன பிறகுதான்.

கரண்ட் இருக்கும் நேரத்தில் வரைய உட்காராதீர்கள், பாடங்களைச் சேகரியுங்கள். பெங் சூ என்பவர் 2009-இல் சிங்கப்பூரில் எப்.இசட்.டி என்ற வடிவமைப்புப் பள்ளியைத் தொடங்கினார். அவருடைய டிசைன் சினிமா காணொளிகள் யூடியூபில் இலவசம், நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. உடலமைப்புக்குப் ப்ரோக்கோ (Proko) என்ற யூடியூப் பக்கம். ஆங்கிலம் வேகமாக இருந்தால் முதல் தடவை ஒலியை அணைத்துவிட்டு வரைபவர் கையை மட்டும் பாருங்கள். இரண்டாம் தடவை திரையின் அடியில் வரும் எழுத்துகளோடு கேளுங்கள். பணம் கட்டும் வகுப்பு முதல் ஆண்டில் வேண்டவே வேண்டாம். இங்கிருந்து வெளிநாட்டுக்குப் பணம் கட்டுவதே ஒரு பெரும்பாடு. என் காரியங்கள் சிங்கப்பூரில் இருக்கும் சின்னம்மா மகள் தயவில் நடக்கின்றன. சிங்கப்பூருக்கே அனுப்பிப் படிக்க வைக்கலாமா என்று கேட்கும் பெற்றோருக்கு: பையன் ஓராண்டு தானாக வரைந்து காட்டட்டும், அதற்குப் பிறகு நகையை எடுப்பதா வேண்டாமா என்று பேசலாம்.

வீட்டில் கிடைக்காத ஒன்று உண்டு: தவறைச் சுட்டிக்காட்டும் கண். அதற்கு நாங்கள் நான்கு பேர் சனிக்கிழமை மாலை ஒரு தேநீர்க் கடையில் கூடுகிறோம். இருவர் தமிழர், ஒருவர் பர்மியர், ஒருவர் கரேன். ஒவ்வொருவரும் அந்த வாரத்தின் ஒரே ஒரு படத்தைக் கொண்டுவர வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு குறைதான் சொல்லலாம், அதையும் வாயால் சொல்லக் கூடாது. மெல்லிய தாளை மேலே வைத்துத் திருத்தி வரைந்து காட்ட வேண்டும். "நன்றாக இருக்கிறது" என்று சொன்னவர் அன்றைய தேநீருக்குப் பணம் கொடுப்பார்.

வேலை தேடும்போது காட்டும் தொகுப்பில் பத்துப் படம் போதும். ஆர்ட்ஸ்டேஷன் தளத்தில் வைக்கலாம். முடிந்த படத்தோடு முதல் கிறுக்கல்கள், கழித்துவிட்ட யோசனைகள் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். எந்திரமே படம் உருவாக்கும் இந்தக் காலத்தில், எப்படி யோசித்தீர்கள் என்பதைத்தான் கேட்கிறார்கள்.

என் தொகுப்பில் எனக்கு வேலை வாங்கித் தந்தது ஒரு சைக்கா. மிதிவண்டியும் பக்கத்தில் ஒட்டிய இருக்கைகளும், பயணிகள் இருவர் முதுகோடு முதுகு சாய்ந்து ஒருவர் முன்னும் ஒருவர் பின்னும் பார்த்து உட்காருவார்கள். வெள்ளத்தில் மூழ்கிய ஊரில் அது எப்படி மாறும் என்பதே நான் எடுத்துக்கொண்ட கணக்கு. முதலில் தெருமுனையில் நின்ற சைக்காக்காரரிடம் அனுமதி கேட்டு, நூலால் அளந்து, மூன்று பக்கமும் அப்படியே வரைந்தேன். (அரசுக் கட்டடங்கள், காவல் நிற்கும் இடங்கள் பக்கம் ஸ்கெட்ச் புத்தகத்தைத் திறக்கவே வேண்டாம்.) பிறகு தீப்பெட்டி அளவில் முப்பது நிழலுருவங்கள், முழுக் கறுப்பாக, உள்ளே கோடே இல்லாமல். நிழலுருவத்தைப் பார்த்தே சைக்கா என்று தெரியாதவற்றை அடித்தேன், ஐந்து மிஞ்சியது. அதில் ஒன்றுக்கு இருக்கையின் அடியில் நீல நிறப் பிளாஸ்டிக் பீப்பாய்கள், உயர்த்திய சங்கிலிச் சக்கரம், பின்பக்கம் பார்ப்பவர் கையில் துடுப்பு. அவர் சும்மா உட்கார்ந்து வருகிறாரே, அவருக்கும் ஒரு வேலை கொடுப்போம் என்று தோன்றியது. அதற்குப் பிறகுதான் வண்ணம், பாகம் பாகமாகப் பிரித்த படம், மழையில் ஓடும் காட்சி.

மூன்று வாரம் உழைத்து முடித்து, பெருமையோடு அந்தச் சைக்காக்காரரிடமே கொண்டுபோய்க் காட்டினேன். வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "தண்ணீரில் இதை எப்படி நிறுத்துவாய்?" என்று கேட்டார்.

நிறுத்த ஒன்றுமே வைக்கவில்லை. இப்போது ஆர்ட்ஸ்டேஷனில் இருக்கும் படத்தில் துடுப்புக்குப் பக்கத்தில் கயிற்றோடு ஒரு சின்ன நங்கூரம் தொங்கும், பாருங்கள். அது அவருடையது.