கதை சொல்பவனை உடனே நம்பிவிடாதீர்கள்

எட்கர் ஆலன் போ 1846-இல் எழுதிய 'தி காஸ்க் ஆஃப் அமான்டிலாடோ' திகில் கதையைப் படிக்கும்போது கையில் ஒரு பென்சில் இருக்கட்டும். கதை சொல்லும் மான்ட்ரெசர், ஃபார்ச்சுனாட்டோ தனக்கு ஆயிரம் தீங்கு செய்தான், பிறகு அவமானமும் படுத்தினான் என்று எடுத்த எடுப்பிலேயே சொல்கிறான். என்ன அவமானம்? கடைசிவரை சொல்வதே இல்லை. அங்கே ஒரு கோடு போடுங்கள். அப்புறம், ஃபார்ச்சுனாட்டோவைப் பழிவாங்கி ஐம்பது ஆண்டு கழித்து அவன் பேசுகிறான் என்பது முடிவில்தான் தெரியும். தெரிந்ததும் முதல் பத்திக்குத் திரும்புங்கள். அதே வரிகள் வேறு மாதிரி ஒலிக்கும். எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

சரி, களம்? வெளிச்சமும் காற்றும் எங்கே குறைகின்றன என்று பாருங்கள். மேலே இத்தாலிய நகரத் திருவிழா, கோமாளி வேடம், மணி கட்டிய குல்லா. கீழே, மான்ட்ரெசர் ஃபார்ச்சுனாட்டோவை அழைத்துப்போகும் நிலவறையில், ஈரச்சுவர், வெடியுப்புப் படிவு, எலும்புக் குவியல், சரியாக எரியாத தீவட்டி, கடைசியில் நாலடி ஆழமே உள்ள ஒரு மாடம். "திரும்பிப் போய்விடலாம்" என்று மான்ட்ரெசரே சொல்லும் ஒவ்வொரு முறையும், இருவரும் எவ்வளவு உள்ளே வந்துவிட்டார்கள் என்று ஓரத்தில் குறித்துவையுங்கள்.