கிராஜுவேட் டிரான்ஸ்பர் நியாயமா? நான் எடைபோடும் விதம்

அமெரிக்கக் கல்லூரி கூடைப்பந்தில், பட்டம் வாங்கிய கையோடு ஒரு வீரர் மிச்சமிருக்கும் சீசனை ஆட வேறு கல்லூரிக்கு மேற்படிப்பு மாணவராகப் போவதுதான் கிராஜுவேட் டிரான்ஸ்பர். அப்படிப் போனால் உடனே ‘நன்றி கெட்டவன்’ என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். அங்கே ஒரு கல்லூரியில், மாணவர்கள் பட்டத்துக்கு வேண்டிய கிரெடிட்களை முடித்துவிட்டார்களா என்று சரிபார்ப்பது என் வேலை. விளையாட்டு வீரர்களின் தாள்களும் என் மேஜைக்குத்தான் வரும். அந்த வசவில் நீங்களும் சேர்ந்துகொள்வதற்கு முன் சில விஷயங்களைப் பார்த்துவிடுங்கள்.

முதலில் காலக்கணக்கு. கல்லூரி விளையாட்டின் உச்சப் பிரிவான டிவிஷன் 1-இல் ஐந்து ஆண்டுக்குள் நான்கு சீசன் என்பதுதான் நெடுநாளாக இருந்துவரும் கணக்கு. ஒரு வருடம் காயத்தில் போனாலோ, ரெட்ஷர்ட்டாக, அதாவது அணியில் வைத்துக்கொண்டே ஒரு சீசன் ஆடவிடாமல் உட்கார வைத்தாலோ, நான்காம் ஆண்டு பட்டம் வரும்போது ஒரு சீசன் மிச்சம் இருக்கும். கோடை வகுப்பும் எடுத்துப் படிப்பவர்கள் மூன்றே வருடத்தில்கூட முடித்துவிடுகிறார்கள். மிச்சமிருக்கும் அந்த சீசன் யாருக்குச் சொந்தம் என்பதுதான் மொத்த வழக்கும். படிப்பை முடித்த மாணவருக்கே சொந்தம் என்பது என் கட்சி. பட்டம் தருகிறோம் என்று கல்லூரி அழைத்தது, அவர் அதை வாங்கிவிட்டார், கணக்கு தீர்ந்தது.

அடுத்து, வழியை மறித்தது யார் என்று பாருங்கள். அப்போதெல்லாம் அணி மாறும் கூடைப்பந்து வீரர் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும். பட்டதாரிகளுக்கு மட்டும் அது வேண்டாம் என்று 2006-இல் கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏ விதி கொண்டுவந்தது. 2007 ஜனவரியிலேயே கல்லூரிகள் வாக்களித்து அதை ரத்து செய்தன. பிறகு விதிவிலக்கு கேட்டு விண்ணப்பிக்கும் முறை வந்தது; அதற்குப் பழைய கல்லூரி சம்மதிக்க வேண்டும். 2011-இல் செயின்ட் ஜோசப்ஸ் கல்லூரியில் பட்டம் முடித்து யுஏபி-க்கு (அலபாமா பல்கலைக்கழகம், பர்மிங்ஹாம்) போன வீரர் டாட் ஓ’பிரையனுக்கு அந்தச் சம்மதம் கிடைக்கவில்லை. என்சிஏஏ-வும் கைவிரித்தது. கடைசி சீசன் போயே போய்விட்டது. 2018 அக்டோபரில், மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்பர் போர்ட்டல் என்ற இணையப் பட்டியல் வந்த பிறகுதான், கிளம்பப் பழைய கல்லூரியின் அனுமதி தேவை என்ற நிலை மாறியது.

இங்கே நான் எப்போதும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: அதே இடத்தில் கோச் இருந்தால் என்ன விதி? பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக வீரர் கேமரன் ஜான்சனை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று ஆண்டில் பட்டம், கையில் இரண்டு சீசன் மிச்சம். 2017-இல் நார்த் கரோலினாவுக்குப் போக நினைத்தார். இரண்டும் ஏசிசி என்ற ஒரே போட்டிக் குழுவில் ஆடும் கல்லூரிகள், அதனால் ஒரு வருடம் உட்கார வேண்டும் என்றது பிட்ஸ்பர்க். ஆனால் ஜான்சன் பிட்ஸ்பர்க்கில் சேர்ந்தபோது கோச்சாக இருந்த ஜேமி டிக்சன் 2016-லேயே டிசியு என்ற வேறு கல்லூரிக்குப் போய்விட்டிருந்தார். அடுத்த சீசனே அங்கே வேலையில் இருந்தார், அவரை யாரும் ஒரு வருடம் உட்காரச் சொல்லவில்லை. எதிர்ப்பு வலுத்ததும் பிட்ஸ்பர்க் இறங்கிவந்தது. ஜான்சன் அந்த சீசனே ஆடினார். தொழில்முறை லீகான என்பிஏ அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2019 டிராஃப்டில் 11-ஆவதாகத் தேர்வானார். சம்பளம் வாங்கும் கோச்சுக்கு இல்லாத தடை மாணவருக்கு இருந்தால், அந்த விதியை நியாயம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சிறிய கல்லூரிகளின் வலியும் உண்மைதான். வளர்த்து ஆளாக்கிய வீரரைக் கடைசி வருடத்தில் பெரிய அணி அள்ளிக்கொண்டு போகிறது. ஆனால் போகிறவருக்கும் ஆபத்து உண்டு. டிரெக்சலிலிருந்து டேமியன் லீயும் கிளீவ்லேண்ட் ஸ்டேட்டிலிருந்து டிரே லூயிஸும் மார்ச்சில் நடக்கும் என்சிஏஏ சாம்பியன்ஷிப் போட்டியில் ஆடும் கனவோடு லூயிவில் பல்கலைக்கழகத்துக்கு வந்தார்கள். 2016 பிப்ரவரியில், அவர்கள் வருவதற்கு முன் நடந்த விவகாரத்துக்காக, லூயிவில் தானாகவே அந்த வருடப் போட்டியிலிருந்து விலகிக்கொண்டது. அவர்களுக்கு அடுத்த வருடம் என்று ஒன்று இல்லை. ஆகவே, போகப்போகும் கல்லூரி மேல் விசாரணை ஏதும் நடக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள்.

கடைசியாக, மாஸ்டர்ஸ். நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்த ஒரு பையன் என்னிடம் கேட்டான்: “சார், சீசன் முடிஞ்சா ஸ்காலர்ஷிப் இருக்குமா?” அவன் சேர நினைத்தது இரண்டு வருடப் படிப்பு, கையில் இருந்த உதவித்தொகை ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கு. ஒப்பந்தம் முடியும் தேதியையும் படிப்பு முடியும் தேதியையும் அடிக்கோடிட்டுக் காட்டினேன். இந்த இடைவெளியை வைத்துக் கல்லூரிகளுக்குக் கடிவாளம் போட 2019-இல் ஒரு முன்மொழிவு வந்தது: பட்டதாரி வீரர் பாதியில் போனாலும், அணிக்கு அனுமதித்த ஸ்காலர்ஷிப் எண்ணிக்கையில் ஒன்று அவருடைய படிப்புக் காலம் முழுக்க அவர் பெயரிலேயே கழியும். அது தோற்றது. தோற்றது நல்லது என்பேன், ஏனென்றால் பட்டதாரியை எடுக்கவே கோச்கள் தயங்கியிருப்பார்கள்.

2024 ஏப்ரலிலிருந்து, படிப்புத் தகுதி இருந்தால் எத்தனை முறை மாறினாலும் உடனே ஆடலாம் என்றாகிவிட்டது. பட்டதாரிக்கென்று இருந்த தனிச்சலுகைக்கு அதோடு வேலை குறைந்துவிட்டது. எனவே இப்போது கையெழுத்துப் போடும் முன், கடைசி ஆட்டத்துக்குப் பிறகும் படிப்பு முடியும்வரை கட்டணத்தைக் கல்லூரி கட்டுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். கோச் வாயால் சொன்னது போதாது. அவரும் அதே கோடையில் வேறு கல்லூரிக்குப் போகலாம்.