ரஃபேலா, தேஜஸா: வாதாட உட்காரும் முன்

சூலூர் விமானப்படைத் தளத்துக்குப் பக்கத்தில்தான் என் வீடு. இருபது வருஷம் எஞ்சின் ஃபிட்டராக இருந்தவன். அதில் பாதிக்கு மேல் மிக்-21 போர் விமானத்தின் எஞ்சினோடு கழிந்தது. நம் நாட்டுப் போர் விமானமான தேஜஸ் தலைக்கு மேல் போனால் போதும், டீக்கடையில் யாராவது ஒரு கல்லூரிப் பையன் ஆரம்பித்துவிடுவான்: "ஏனுங்க மாமா, நாம எஃப்-35 வாங்கிட்டா சோலி முடிஞ்சுதுங்களே?" அமெரிக்காவின் எஃப்-35ஆ, வேறு எதுவா, நம் விமானப்படைக்கு எந்தப் போர் விமானம் வாங்கலாம் என்ற இந்தப் பேச்சை எப்படிப் பேசினால் உருப்படியாக இருக்கும் என்று அவர்களுக்குச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

விமானத்தின் பெயரைக் கடைசியில் எடுங்கள். எத்தனை வேண்டும், எந்த வருஷத்துக்குள் வேண்டும் என்று தொடங்குங்கள். நம் விமானப்படைக்கு அனுமதிக்கப்பட்டது 42 ஸ்குவாட்ரன், அதாவது போர் விமானப் பிரிவுகள். 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21க்கு விடைகொடுத்த பிறகு மிஞ்சியது 29. அன்றைக்கு டிவி முன்னால் உட்கார்ந்திருந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு ஸ்குவாட்ரனுக்கு 16 முதல் 18 விமானம் என்று வைத்தால், பற்றாக்குறை இருநூறைத் தாண்டுகிறது. "இருப்பதிலேயே சிறந்ததாக 36 வாங்குவோம்" என்று ஒருவர் சொன்னால், மீதிக்கு என்ன வழி என்று கேளுங்கள். பதில் இருந்தால் வாதம் தொடரட்டும்.

அடுத்து ஒரு தாளில் வருஷங்களை எழுதுங்கள். 2007இல் 126 விமானங்களுக்கு டெண்டர் விட்டார்கள். ஆறு விமானங்கள் போட்டியில் நின்றன. 2012 ஜனவரியில் பிரான்ஸின் ரஃபேல் குறைந்த விலை என்று தேர்வானது. விலையும், இங்கே தயாரிக்கும் 108 விமானங்களுக்கு யார் பொறுப்பு என்பதும் பேசிப் பேசி இழுத்தது. 2015 ஏப்ரலில் 126 போய் 36 வந்தது. 2016 செப்டம்பரில் கையெழுத்து. 2020 ஜூலை 29 அன்று முதல் ஐந்து விமானங்கள் அம்பாலாவில் இறங்கின. டெண்டரிலிருந்து 13 வருஷம்! இன்றைக்கு நீங்கள் சொல்லும் விமானம் எந்த வருஷம் ஸ்குவாட்ரனில் சேரும் என்று சொல்லாத வரை உங்கள் வாதம் பாதிதான்.

விலையில் பலரும் வழுக்குவது வகுத்தலில். 36 ரஃபேல் ஒப்பந்தம் 787 கோடி யூரோ, அன்றைய கணக்கில் ஏறத்தாழ 59,000 கோடி ரூபாய். தேஜஸின் புதிய ரகமான மார்க்-1ஏவில் 97 விமானங்களுக்கு 2025இல் போட்ட ஒப்பந்தம் வரி நீங்கலாக 62,370 கோடி. எண்ணிக்கையால் வகுத்து இரண்டையும் பக்கத்தில் வைக்காதீர்கள். ரஃபேல் தொகையில் ஏவுகணைகள், நமக்கென்று செய்த மாற்றங்கள், உதிரி பாகங்கள், விமானங்கள் பறக்கும் நிலையில் இருப்பதற்கான உத்தரவாதம் எல்லாம் அடக்கம். சமையல், பாத்திரம், கரண்ட் சேர்த்துச் சொன்ன மண்டப வாடகையையும் வெறும் மண்டப வாடகையையும் ஒப்பிட்டால் கல்யாணக் கணக்கு எப்படி வரும்?

இனி எஞ்சின். இதில் நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன், என் வயிற்றுக்குச் சோறு போட்ட பொருள். வடக்கே ஒரு தளத்தில் இருந்தபோது, உள்ளங்கையில் அடங்கும் ஒரு சீல் வராமல் ஒரு விமானம் பதினொரு நாள் ஹேங்கரில் நின்றது. கடைசியில் இன்னொரு விமானத்திலிருந்து கழற்றி மாட்டினோம். அது பறந்தது, இது நின்றது. கணக்கேட்டில் இரண்டும் எங்கள் விமானங்கள்தான். அன்றிலிருந்து எந்த விமானத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலும் முதலில் நான் கேட்பது, நாளைக் காலை பத்து விமானத்தில் எத்தனை பறக்கும் என்பதைத்தான்.

தேஜஸ் நம்முடையது, ஆனால் அதன் எஃப்-404 எஞ்சின் அமெரிக்காவின் ஜி.இ. கம்பெனியுடையது. மார்க்-1ஏவுக்காக 2021இல் 99 எஞ்சின் கேட்டோம். முதல் எஞ்சின் 2025 மார்ச்சில்தான் வந்தது. உடம்பு தயாராகி எஞ்சினுக்குக் காத்து நின்றது. தேஜஸுக்காகவே தொடங்கிய காவேரி எஞ்சின் போதிய உந்துவிசை தராததால் அதில் ஏறவே இல்லை. ஆகவே "உள்நாட்டு விமானம்" என்று யாராவது சொன்னால், எஞ்சின் யாருடையது, ரேடார் யாருடையது என்று பிரித்துக் கேளுங்கள். தேஜஸை மட்டம் தட்ட இதைச் சொல்லவில்லை. காவேரிக்கு இன்னும் பணமும் பொறுமையும் கொடுத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆயுதத்துக்கும் இதே கேள்விதான்: நம் ஏவுகணையை அந்த விமானத்தில் மாட்ட யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? தஞ்சாவூரில் 2020 ஜனவரியில் சேர்ந்த 222ஆம் ஸ்குவாட்ரனைப் பாருங்கள். அதன் சுகோய்-30 இரண்டரை டன் பிரமோஸ் ஏவுகணையைச் சுமக்கிறது. அதற்காக விமானத்தை மாற்றியமைக்கும் வேலையை நாசிக்கில் நாமே செய்தோம். மென்பொருளின் சாவி வேறொருவர் கையில் இருக்கும் விமானத்தில் இந்தச் சுதந்திரம் கிடைப்பது கடினம்.

அந்தப் பையனின் எஃப்-35 கேள்விக்கும் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது. ரஷ்யாவின் எஸ்-400 வான்பாதுகாப்பு ஏவுகணை அமைப்பை வாங்கியதற்காக 2019 ஜூலையில் துருக்கியை எஃப்-35 திட்டத்திலிருந்து அமெரிக்கா வெளியேற்றியது. துருக்கி அதற்கு உதிரி பாகமே செய்துகொடுத்த பங்காளி. நாம் 2018இலேயே எஸ்-400க்கு ஒப்பந்தம் போட்டு, வாங்கி நிறுத்தியிருக்கிறோம். இதைச் சொன்னதும் அவன் போனைப் பாக்கெட்டில் போட்டுவிட்டு, "அப்ப நீங்க என்னங்க சொல்றீங்க?" என்றான்.

நீங்களும் கேள்வியோடு நின்றுவிடாதீர்கள், உங்கள் பக்கத்தைச் சொல்லுங்கள். என் பக்கம் இது: எண்ணிக்கையைத் தேஜஸால் நிரப்ப வேண்டும். வெளியிலிருந்து வாங்கியே ஆக வேண்டுமென்றால், ஏற்கெனவே நம் ஹேங்கரில் இருக்கும் ரகத்தையே வாங்க வேண்டும். சுகோய், ரஃபேல், மிராஜ், மிக்-29, ஜாகுவார், தேஜஸ் என்று இப்போதே ஆறு ரகம். ஏழாவது வந்தால் புது டூல்ஸ், புது ஸ்டோர், புதிதாகப் பயிற்சி எடுக்க வேண்டிய ஃபிட்டர்கள். ரஃபேலுக்கு அம்பாலா, ஹாசிமாரா தளங்களில் அந்தச் செலவு முடிந்துவிட்டது.

இதற்கு அவன் ஒரு நல்ல எதிர்வாதம் வைத்தான்: "தேஜஸ் இன்னும் தாமதமானா, அதுவரைக்கும் எல்லையில யாருங்க மாமா நிப்பாங்க?" என் தாளில் அந்த வருஷங்களுக்கு நேரே இன்னும் ஒன்றும் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடி உட்காரலாம் என்றிருக்கிறோம்.