பொறியியல் படிக்க வேண்டுமா? ஜேசியில் எந்தப் பாடங்களை எடுக்கலாம்

என் மகள் சென்ற ஆண்டு ஜேசியில் (சிங்கப்பூரின் தொடக்கக் கல்லூரி, ஜூனியர் காலேஜ்) சேர்ந்தபோது நாங்கள் வீட்டில் உட்கார்ந்து செய்த வேலையைத்தான் வரிசையாக எழுதுகிறேன். உயர்நிலைப் பள்ளி முடிவில் எழுதும் ஓ நிலைத் தேர்வின் முடிவு வந்த பிறகு அவகாசம் இருக்காது, அதனால் உயர்நிலை நான்கின் டிசம்பர் விடுமுறையிலேயே முடித்துவிடுங்கள். ஜேசியில் ஒரு பாடத்தை முழு அளவில் படிப்பது எச்2, ஏறக்குறைய பாதி அளவில் படிப்பது எச்1.

படி 1: ஜேசியை ஓரமாக வைத்துவிட்டு முதலில் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் ஒவ்வொரு படிப்புக்கும் என்னென்ன பாடம் வேண்டும் என்று இணையத்தளத்தில் போட்டிருக்கின்றன. பொறியியல் என்று பொதுவாகத் தேடாதீர்கள், துறைக்குத் துறை மாறும். பிள்ளைக்குப் பிடித்த இரண்டு துறைகளை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள், அது போதும்.

படி 2: கணிதம் எச்2. இதில் பேச்சே இல்லை. எச்1 கணிதத் தாளில் பாதிக்கு மேல் புள்ளியியலும் நிகழ்தகவும்தான், வெக்டரும் கலப்பு எண்ணும் கிடையாது. ஒரு பாலத்தின் மீது விழும் விசைகளைக் கணக்கிட வெக்டர் வேண்டும், மாறுதிசை மின்சுற்றுக்குக் கலப்பு எண் வேண்டும். இரண்டு பாடத்திட்டங்களும் சிங்கப்பூர்த் தேர்வு மதிப்பீட்டுக் கழகத்தின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, அச்செடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டியூஷன் நிலையங்களின் விளக்கக் கூட்டத்துக்குப் போவதைவிட இதுதான் உருப்படியான வேலை என்பேன்.

படி 3: இயற்பியல் எச்2. சில படிப்புகளுக்கு வேறு அறிவியல் பாடத்தோடும் விண்ணப்பிக்கலாம், ஆனால் இயந்திரம், கட்டுமானம், மின்னியல் என்று போகிற பிள்ளைக்கு இயற்பியல் இல்லாவிட்டால் முதலாண்டிலேயே மூச்சு முட்டும்.

படி 4: ஃபர்தர் மேத்ஸ், அதாவது எச்2 கணிதத்துக்கு மேல் தனியாக உள்ள இன்னொரு எச்2 கணிதப் பாடம், எடுக்கலாமா? எங்களுக்கு அதிக நேரம் பிடித்தது இங்கேதான். அணிகள், வகைக்கெழுச் சமன்பாடுகள், எண்முறைகள் என்று பொறியியல் முதலாண்டில் வருகிற பலவும் அதில் இருக்கின்றன, பார்த்தவுடனே எடுக்கத் தோன்றும். ஆனால் அதை எச்2 கணிதத்தோடு சேர்த்துத்தான் எடுக்க முடியும். இயற்பியலையும் போட்டால் மூன்று இடம் போச்சு. எடுக்கிற நான்கு பாடங்களில் ஒன்று கலைப் பக்கத்திலிருந்து வர வேண்டும், பெரும்பாலும் பொருளியல். அப்படியானால் வேதியியலுக்கு எங்கே இடம்? வேதிப் பொறியியலில் கொஞ்சமாவது ஆசை இருக்கிற பிள்ளை இதை நன்றாக யோசித்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும். என் மகளுக்கு அந்த ஆசை இருந்தது, அதனால் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் எச்2, பொருளியல் எச்1 என்று முடிவு செய்தோம். கணிதம் என்றால் சோறு தண்ணி மறக்கிற பிள்ளையாக இருந்தால் தாராளமாக ஃபர்தர் மேத்ஸ் எடுக்கட்டும். பல்கலைக்கழகம் கேட்குமோ என்று பயந்து மட்டும் எடுக்க வேண்டாம்.

படி 5: பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான புள்ளிக் கணக்கு. 2026 சேர்க்கையிலிருந்து மொத்தம் 70 புள்ளிகள்தான், முன்பு 90. மூன்று எச்2 பாடங்களுக்கு 60, பொதுத்தாளுக்கு (ஜெனரல் பேப்பர், ஆங்கிலத்தில் கட்டுரையும் கருத்தறிதலும் எழுதும் எச்1 தாள்) 10. குழுவாகச் செய்யும் திட்டப்பணியான புராஜெக்ட் வொர்க்கில் தேர்ச்சி பெற்றால் போதும். நான்காவது பாடம் உங்கள் புள்ளியை உயர்த்தினால் மட்டுமே சேர்ப்பார்கள். அதனால் நான்காவதை எச்2 ஆக வைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள அவசியமில்லை. ஆனால் பொதுத்தாளைக் கோட்டைவிட்டால் பாதி எச்2 போனது போல, அறிவியல் பிள்ளைகள் பலர் அதைக் கண்டுகொள்வதே இல்லை.

பிற்சேர்க்கை: தமிழ் என்ன ஆகும் என்று ஓர் அம்மா கேட்டிருந்தார். ஓ நிலையில் உயர்தமிழில் தேர்ச்சி பெற்றவர்கள் எச்1 தமிழ் எழுத வேண்டியதில்லை. அந்த நேரம் பொதுத்தாளுக்குப் போகட்டும், ஆனால் தமிழில் வாசிப்பதை விட்டுவிடாதீர்கள்.

இன்னொருவர் கேட்டது, சேர்ந்த பிறகு மாற்ற முடியுமா என்று. முதல் சில வாரங்களில் பள்ளிகள் விண்ணப்பம் வாங்கும், விதி பள்ளிக்குப் பள்ளி வேறு. எச்2 இலிருந்து எச்1 க்கு இறங்குவது எளிது, எச்1 இலிருந்து மேலே ஏறுவது ரொம்பக் கஷ்டம். எந்தப் பாடத்தில் சந்தேகமோ அதை எச்2 இல் தொடங்கி, முதல் தேர்வு முடிந்ததும் ஆசிரியரிடம் பேசுங்கள்.