அமெரிக்கக் கல்லூரி அட்மிஷன்: கவுன்சிலர் விஷயத்தில் நடக்கும் தவறுகள்

அமெரிக்காவில் பிள்ளை 11ஆம் வகுப்புக்கு வந்ததும் நம்மவர் வீடுகளில் ஒரு பேச்சு கிளம்பும்: “கல்லூரி விண்ணப்பத்துக்கு வழிகாட்ட ஸ்கூல் கவுன்சிலர் போதுமா, காசு கொடுத்துத் தனியாக ஒருவரைப் பிடிக்கலாமா?” கேள்வியிலேயே முதல் தவறு இருக்கிறது. இவருக்குப் பதில் அவர் என்று வைத்துக்கொள்ள முடியாது. பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பத் தளமான காமன் ஆப்பில் ஸ்கூல் ரிப்போர்ட், ட்ரான்ஸ்கிரிப்ட் என்கிற மதிப்பெண் பதிவு, கவுன்சிலர் பரிந்துரை எல்லாம் பள்ளியிலிருந்துதான் போகும். இடம் கிடைத்தால் அங்கேயே சேருவேன் என்று ஒரு கல்லூரிக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கும் ஏர்லி டிசிஷன் போட்டால் அந்த ஒப்பந்தத்தில் மாணவர், பெற்றோரோடு பள்ளிக் கவுன்சிலரும் கையெழுத்திட வேண்டும். எத்தனை ஆயிரம் டாலர் வாங்குகிற தனியார் கவுன்சிலரும் இதில் கை வைக்க முடியாது.

“அவருக்கு நம் பையன் பெயரே தெரியாது” என்று ஸ்கூல் கவுன்சிலரை ஒதுக்குவது அடுத்த தவறு. தெரியாமல்தான் இருக்கும். ஒருவருக்கு 250 மாணவர் என்பது பள்ளிக் கவுன்சிலர் சங்கத்தின் பரிந்துரை. நாட்டின் சராசரி அதைவிட நூறுக்கும் மேல் அதிகம். டைம்டேபிள் குளறுபடியும் அவர் மேஜைக்கு, பிள்ளைகளின் மனச்சோர்வும் அவர் மேஜைக்கு. அவராகத் தேடி வரமாட்டார். பிள்ளைதான் போய்ப் பார்க்க வேண்டும். அப்பா அனுப்பும் நீளமான மின்னஞ்சல் அதற்கு ஈடாகாது.

பல பள்ளிகள் பரிந்துரை எழுதுவதற்கு முன் ‘ப்ராக் ஷீட்’ என்று, பிள்ளையைப் பற்றி விவரம் கேட்கும் ஒரு படிவம் கொடுக்கும். நம் வீடுகளில் அதை அவசரமாக, பதக்கப் பட்டியலாக நிரப்பிவிடுகிறார்கள். பட்டியல்தான் விண்ணப்பத்திலேயே இருக்கிறதே! அம்மா நைட் ஷிஃப்ட் போகும் நாட்களில் மகள்தான் தங்கைக்குச் சமைத்துக் கொடுத்து ஹோம்வொர்க்கும் பார்க்கிறாள் என்ற ஒரு வரியை எழுதினால், கவுன்சிலருக்கு எழுத விஷயம் கிடைக்கும். பத்தாம் வகுப்பில் மதிப்பெண் சரிந்ததற்குக் காரணம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். பள்ளியின் குரலில் அது வரும்போது எடை கூடும்.

சரி, தனியார் கவுன்சிலர் வீணா? இல்லை. கல்லூரிப் பட்டியல் போடவும், விண்ணப்பக் கட்டுரையான எஸ்ஸேயைப் பத்து முறை படித்துக் கேள்வி கேட்கவும் அவருக்கு நேரம் இருக்கும். ஆனால் “சீட் நிச்சயம்” என்பவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். 2019இல் கல்லூரி அட்மிஷன் ஊழலில் சிக்கிய தனியார் கவுன்சிலர் ரிக் சிங்கர், லஞ்சத்தாலும் மோசடியாலும் நுழைவதை ‘பக்கவாட்டுக் கதவு’ என்று சொல்லித்தான் பணக்காரர்களிடம் வசூலித்தார். 2023இல் அவருக்கு மூன்றரை ஆண்டு சிறை. எஸ்ஸேயை எழுதியே தருகிறேன் என்பவரும் ஆபத்துதான். எல்லாம் என் சொந்த வேலை என்று காமன் ஆப்பில் உறுதி கொடுத்துக் கையெழுத்துப் போடுவது பிள்ளை, அவர் அல்ல. கல்லூரிகளிடம் கமிஷன் வாங்குகிறாரா என்றும் நேராகவே கேளுங்கள்.

அரசின் கல்வி நிதியுதவிக்கு விண்ணப்பிக்கும் எஃப்ஏஎஃப்எஸ்ஏ (FAFSA) படிவத்துக்குக் கட்டணமே கிடையாது. அதை நிரப்பப் பணம் கொடுக்காதீர்கள். தனியார் கவுன்சிலரின் முழு பேக்கேஜுக்குக் கையெழுத்திடும் முன், மணிநேரக் கட்டணத்தில் வருவாரா என்று விசாரியுங்கள். பலருக்கு எஸ்ஸேக்கு நாலைந்து மணி நேரமே போதும். அப்புறம், அவர் போட்டுத் தரும் பட்டியலை ஸ்கூல் கவுன்சிலரிடம் மறைக்க வேண்டாம். அந்தக் கல்லூரிகளுக்கு ட்ரான்ஸ்கிரிப்ட் அனுப்ப வேண்டியது பள்ளிதானே. கல்லூரியின் கெடு நவம்பர் 1 என்றால், ட்ரான்ஸ்கிரிப்ட் கேட்கப் பள்ளி வைத்திருக்கும் கெடு அதற்குச் சில வாரம் முன்பே முடிந்துவிடும்.