குரூப் 2 படிப்புக்கு நடுவே ஒரு குக்கர் கேக்

மதியம் 3 மணிக்கு மேல் எனக்கு மண்டையில் எதுவும் ஏறாது. கூட்டுவட்டிக் கணக்கின் முதல் வரியையே நாலு தடவை வாசித்துக்கொண்டிருப்பேன். அந்த நேரத்தில் போனை எடுத்தால் விளக்கு வைக்கும்போதுதான் கீழே வைப்பேன். அதனால்தான் கேக் போடப் பழகினேன். கலக்கக் கால் மணி, வேக முக்கால் மணி, அவ்வளவுதான். எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது. பழைய 5 லிட்டர் குக்கர்தான். முட்டையும் சேர்ப்பதில்லை, ஆச்சிக்கு ஆகாது.

முதலில் அடுப்பைப் பற்ற வைத்துவிடுங்கள். குக்கருக்குள் ஒரு விரல் கனத்துக்குக் கல் உப்பைப் பரப்பி, மேலே ஒரு ஓட்டைத் தட்டு. மூடியில் காஸ்கெட், வெயிட் இரண்டையும் கழற்றிவிட வேண்டும். தண்ணீர் ஒரு சொட்டுகூட ஊற்றக் கூடாது. மூடி வைத்து மிதமான தீயில் 10 நிமிடம் காயட்டும். புதுக் குக்கரில் இதைச் செய்யாதீர்கள், வெறும் சூட்டில் கெட்டுப்போகும். அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளவும் வேண்டியிருக்கும்.

அளவுக்கெல்லாம் ஒரே டம்ளர், 200 மில்லி பிடிப்பது. லேசாகப் புளித்த தயிர் 1 டம்ளர், சர்க்கரை முக்கால், எண்ணெய் அரை, மைதா ஒன்றரை. பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன், ஆப்ப சோடா அரை டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. சர்க்கரையோடு 2 ஏலக்காய் போட்டு மிக்ஸியில் பொடித்துக்கொண்டால் எசன்ஸ் தேட வேண்டாம். எண்ணெய் சூரியகாந்தியாக இருக்கட்டும். ஒருமுறை செக்குக் கடலை எண்ணெய் ஊற்றினேன், கேக் பஜ்ஜிக் கடை மாதிரி மணத்தது.

தயிரில் சர்க்கரைப் பொடியைக் கரைத்து, பேக்கிங் பவுடரும் ஆப்ப சோடாவும் தூவிக் கலக்கி 5 நிமிடம் தொடாமல் விடுங்கள். நுரை பொங்கித் தயிர் கிண்ணத்தில் ஏறி வரும். தயிரின் லாக்டிக் அமிலமும் சோடாவும் சேர்ந்து கார்பன் டை ஆக்சைடை விடுகின்றன. புத்தகத்தில் படித்தது கண்ணெதிரே நடப்பதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. பேக்கிங் பவுடர் என்பது சோடாவோடு அமிலமும் கலந்து வரும் பொடி. ஆப்ப சோடா வெறும் சோடா. இது தெரியாமல் முதல் தடவை பவுடருக்குப் பதிலாக ஒன்றரை டீஸ்பூன் ஆப்ப சோடாவையே போட்டேன். கேக் செக்கச்செவேலென்று உப்பி வந்தது, வாயில் வைத்தால் சோப்புக் கட்டி.

நுரை வந்ததும் எண்ணெய் ஊற்றிக் கலக்கி, உப்போடு சலித்த மைதாவை மூன்று தவணையாகச் சேருங்கள். மாவு மறைந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். தோசை மாவு மாதிரி அடித்துக் கலக்கினால் மைதா இழுபட்டுக் கேக் ரப்பராகும். மாவு இட்லி மாவைவிடக் கொஞ்சம் கெட்டி, அந்தப் பதம் போதும். எண்ணெய் தடவி மைதா தூவிய 7 அங்குலப் பாத்திரத்தில் பாதி வரை ஊற்றி, இரண்டு தட்டுத் தட்டி, உடனே குக்கருக்குள் இடுக்கியால் இறக்குங்கள். ஆற அமர ஊற்றினால் வாயு எல்லாம் போய்விடும்.

இனி தீ சிம்மில். முதல் அரை மணி மூடியைத் திறக்கவே கூடாது, நடுவில் குழி விழும். நான் அடுக்களை வாசல்படியில் உட்கார்ந்து கொத்தமல்லி ஆய்வேன், ஆச்சியோடு பேசுவேன். புத்தகம் கிடையாது. 25 நிமிடம் போல ஏலக்காய் வாசம் வெயிட் கழற்றிய ஓட்டை வழியாக வரும், அப்போதுதான் கை துறுதுறுக்கும். 40 நிமிடத்தில் புது ஈர்க்குச்சியை நடுவில் குத்திப் பாருங்கள். ஒட்டாமல் வந்தால் சரி, ஈரமாவு ஒட்டினால் இன்னும் 5 நிமிடம்.

வெளியே எடுத்து 10 நிமிடம் ஆறியதும் ஓரத்தில் கத்தி ஓட்டிக் கவிழுங்கள். நன்றாக ஆறிய பிறகுதான் வெட்ட வேண்டும், சூட்டில் வெட்டினால் உதிரும். எங்கள் வீட்டில் யாரும் அதுவரை பொறுப்பதில்லை.

அப்புறம், அந்த உப்பைக் கொட்டிவிடாதீர்கள். ஆறியதும் பழைய பாட்டிலில் போட்டு வைத்தால் அடுத்த கேக்குக்கு ஆகும். மேலே 'கேக் உப்பு' என்று எழுதி ஒட்டுங்கள். நான் ஒட்டாமல் விட்ட வாரம் அம்மா அதைத்தான் ரசத்தில் போட்டிருந்தாள்.