பஞ்சும் முட்டை அட்டையும்: ஒலிப் பாடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் சேலம் அம்மாப்பேட்டைப் பக்கம், சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் ஓர் இளம் ஆசிரியை மாதிரிப் பாடம் நடத்திக் காட்டினார். அட்டைப் பெட்டிக்குள் அலாரம் கடிகாரம். அதை ஒருமுறை பஞ்சால் மூடினார், ஒருமுறை செய்தித்தாளால், ஒருமுறை அலுமினியத் தாளால். எது சத்தத்தை அதிகம் குறைக்கிறது என்று பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டும். அருமையான பாடம். ஆனால் 20 வருடத்துக்கு முன் நான் செய்த தவறுகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தன. பெட்டியை மூட மறப்பது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அதைப் பிள்ளைகளே பிடித்துவிடுவார்கள்.

பெட்டி நிறையப் பஞ்சு, ஒரே ஒரு தாள்

பஞ்சைத் திணித்துவிட்டுத் தாளை ஒரு சுற்று மட்டும் சுற்றினால் அங்கே தடிமன்தான் ஜெயிக்கும். எல்லாம் இரண்டு விரல் தடிமன் இருக்கட்டும். தாளை அந்தத் தடிமன் வரும்வரை மடியுங்கள். இலவம் பஞ்சு, பழைய துண்டு, ஏற்காட்டிலிருந்து காப்பிக்கொட்டை வரும் சாக்கு, எல்லாவற்றுக்கும் இதே அளவு.

கொலுசைக் குலுக்கச் சொல்வது

சேலத்தில் கொலுசுக்கா பஞ்சம்? அதனால் கை அதற்குத்தான் போகும். ஆனால் தன் துண்டு ஜெயிக்க வேண்டும் என்று நினைக்கும் பிள்ளை மெதுவாகத்தான் குலுக்கும். ஒரே மாதிரி அடிக்கும் அலாரமே சரி. கொலுசுக்கு வேறு வேலை இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

மேசை

மரம் சத்தத்தைக் கடத்தும். பெட்டிக்கு அடியில் மடித்த துண்டு போடுங்கள்.

“மெத்தென்ற பொருள் சத்தத்தைத் தடுக்கும்”

பஞ்சு ஜெயித்ததும் கரும்பலகையில் இப்படி எழுதிவிடுகிறோம். நானும் எழுதினேன். எழுதியதை நம்பிச் செலவும் செய்தேன்.

அப்போது என் வகுப்பறையின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறிக் கூடம். காலையில் தொடங்கினால் தடக் தடக் என்று ஓயாது. கைக்காசில் ஸ்பாஞ்ச் ஷீட் வாங்கினேன், கடை கடையாக முட்டை அட்டை சேர்த்தேன். இரண்டு சனிக்கிழமை பிள்ளைகளோடு உட்கார்ந்து சுவர் முழுக்க ஒட்டினோம். மூவாயிரத்துச் சொச்சம் ரூபாய். அன்றைக்கு எனக்கு அது பெரிய தொகை. திங்கட்கிழமை தறி ஓடியது. சத்தம் அப்படியே இருந்தது. அறைக்குள் எங்கள் குரல் எதிரொலிப்பது மட்டும் கொஞ்சம் அடங்கியிருந்தது.

தறிக்காரர் வீட்டுப் பையன் ஒருவன், மூன்றாம் வகுப்பு, எழுந்து சொன்னான்: “தலகாணிய காதுல அமுக்கினாலும் தறி கேக்கும் சார். கதவச் சாத்தினாத்தான் கொறையும்.”

நான் குழப்பிக்கொண்ட இரண்டு விஷயங்களையும் அவன் அந்த இரண்டு வாக்கியத்தில் பிரித்து வைத்துவிட்டான். அறைக்குள் எழும் சத்தம் சுவரில் பட்டுத் திரும்புவதை அடக்குவது ஒரு வேலை. பஞ்சு, சாக்கு, கம்பளி இதைச் செய்யும். அவற்றின் நுண்ணிய இடுக்குகளில் அதிரும் காற்று உரசி, சத்தத்தின் ஆற்றல் துளியூண்டு வெப்பமாகிப் போகும். அந்தப் பக்கத்துச் சத்தம் இந்தப் பக்கம் வராமல் மறிப்பது வேறு வேலை. அதற்குக் கனம் வேண்டும், சந்து இருக்கக் கூடாது. செங்கல் சுவரும் கனத்த மரக்கதவும் செய்வதை ஸ்பாஞ்ச் செய்யாது. என் வகுப்பறையில் தறிச்சத்தம் பெரும்பாலும் வந்தது ஜன்னல் இடுக்கு வழியாக என்று பிறகுதான் கவனித்தேன்.

இப்போது பிள்ளைகளிடம் வாய்க்காலைச் சொல்கிறேன். மணல் தண்ணீரை உறிஞ்சும், வரப்பு மறிக்கும். வரப்பில் ஒரு எலி வளை இருந்தால் போதும், தண்ணீர் அந்தப் பக்கம் போய்விடும். உடனே புரிந்துகொள்கிறார்கள்.

கொலுசை இங்கே எடுங்கள். அதன் முன்னால் துண்டைத் திரைபோலப் பிடித்துக் குலுக்கினால் கிணுகிணுப்பு மங்கும். அதே துண்டைப் பறையின் முன்னால் பிடித்துக்கொண்டு பறையை அடிக்கச் சொல்லுங்கள், ‘தம்’ என்ற அடி அப்படியே வரும். கீச்சுச் சத்தத்தை மங்கவைக்க மெல்லிய துணி போதும், ‘தம்’ போன்ற அடிக்குரல் சத்தத்துக்குப் போதாது.

யாராவது முட்டை அட்டை ஒட்டப் போகிறேன் என்றால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. அது தீயும் சட்டென்று பிடிக்கும். அதைவிட, “இனிமேல் சத்தம் வராது” என்று ஆசிரியர் சொல்லிவிட்டால், கேட்கும் சத்தத்தைக்கூடக் கேட்கவில்லை என்று சொல்லப் பிள்ளைகள் பழகிவிடுவார்கள். அந்தப் பையனைப் போல எழுந்து நிற்க எல்லாருக்கும் தைரியம் வராது.

காதில் பஞ்சு

வைக்கச் சொல்லாதீர்கள்.

சத்தம் அளக்கும் கைபேசிச் செயலியின் எண்

60 டெசிபல் 50 ஆனால், ஆறில் ஒரு பங்கு குறைந்தது என்று பிள்ளைகள் கணக்குப் போடுவார்கள். உண்மையில் காதுக்கு அது ஏறக்குறைய பாதியாகக் கேட்கும். ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை இந்த எண்ணே வேண்டாம். அலாரத்தை அடிக்கவிட்டு ஒரு பிள்ளையை முதுகு காட்டி நடக்கச் சொல்லுங்கள். சத்தம் கேட்காத இடத்தில் நின்று சாக்பீஸால் கோடு போடட்டும். பஞ்சுக்கு ஒரு கோடு, சாக்குக்கு ஒரு கோடு, தாளுக்கு ஒரு கோடு. நடப்பது மூன்றுக்கும் ஒரே பிள்ளையாக இருக்கட்டும். அப்புறம், பக்கத்தில் தறி இருந்தால் அது மதியச் சாப்பாட்டுக்கு நிற்கும் நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள், அரைமணி போதும்.